தம்பி, அது அந்த குட்கா இல்ல

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் திருப்பூர்காரன், நூல் வியாபார வேலையா ரெண்டு வருஷம் லூதியானாவுல இருந்தேன், போன மாசம்தான் ஊருக்கு வந்து சேர்ந்தேன். அங்க நான் வாடகைக்கு இருந்த வீட்டு ஆன்ட்டி கிளம்புற அன்னிக்கு ஒரு சின்ன புக்கை ஆரஞ்சு கலர் துணியில சுத்தி என் கையில குடுத்தாங்க. ரெண்டு கையாலயும் வாங்குன்னாங்க, வாங்கிட்டேன். இங்க வந்து அம்மா பையை பிரிக்கும்போது இது என்னடான்னு கேட்டாங்க, நானும் லூதியானாவுல எல்லாரும் சொல்றத கேட்ட பழக்கத்துல "குட்கா"ன்னு சொல்லிட்டேன். அவ்ளோதான், அம்மா அழ ஆரம்பிச்சுட்டாங்க, வடக்க போய் இந்த பழக்கமெல்லாம் வேறயான்னு. புக்கை திறந்து காட்டி புரிய வைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சுங்கண்ணா.

விஷயம் என்னன்னா எனக்கு ஒரு எழுத்தும் படிக்க வராது. இது சீக்கியங்களோட புனித நூல் குரு கிரந்த் சாஹிப்பேதானா, இல்ல வேறயா? இத வீட்ல எங்க வைக்கறது, பூஜை ரூம்ல முருகர் பக்கத்துல வைக்கலாமா? நான் சிகரெட் பிடிக்கறவன், நான்வெஜ் சாப்பிடறவன், தொடலாமா? இன்னொன்னும் கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. சிலை கும்பிட மாட்டோம்னு சொல்றவங்க குருத்வாராவுல புக்குக்கு பட்டு துணி போர்த்தி, விசிறி வீசி, ராத்திரி கட்டில்ல படுக்க வைக்கறாங்களே, அது மட்டும் என்னவாம்? ஆன்ட்டிகிட்ட கேக்க தைரியம் வரல.

புக்கோட முதல் பக்கத்துல பேனாவுல ஏதோ ரெண்டு வரி எழுதியிருக்காங்க, ஃபோட்டோ எடுத்து இதோட வச்சிருக்கேன். உங்களுக்கு குர்முகி, அதான் பஞ்சாபி எழுத்து, கொஞ்சம் தெரியும்னு முன்னாடி ஒரு கட்டுரையில எழுதியிருந்தீங்க.

அன்புடன்,
திருப்பூர் வாசகன்

-----

அன்புள்ள தம்பி,

மொதல்ல அம்மா மேல தப்பே இல்ல. தமிழ்ல அந்த ரெண்டையும் ஒரே மாதிரிதான எழுதறோம், 2013ல தமிழ்நாட்டுல தடை பண்ணதும் குட்கா, உங்க பையில இருந்ததும் குட்கா. பஞ்சாபியில ரெண்டும் வேற வேற எழுத்து, புத்தகத்துக்கு சாதா "க", பாக்கு பொட்டலத்துக்கு மூச்ச தள்ளி சொல்ற "க்ஹ". நம்மகிட்ட ஒரே ஒரு க வச்சிகிட்டு எல்லா வேலையும் பாக்கறதால வந்த வினை. இதுல வேடிக்கை என்னன்னா அமிர்தம் எடுத்துகிட்ட, அதாவது தீட்சை வாங்கின சீக்கியருக்கு நாலு பெரிய விலக்குல புகையிலை ஒண்ணு. அதாவது ஒரு குட்காவ கையில எடுக்கறவன் இன்னொரு குட்காவ தொடவே கூடாது. இத அம்மாகிட்ட சொல்லுங்க, சிரிப்பாங்க.

குட்கான்னா சின்ன புத்தகம், தினப்படி பிரார்த்தனை புத்தகம், அவ்ளோதான். குரு கிரந்த் சாஹிப் இல்ல. அது 1430 பக்கம், பக்கம்னு கூட சொல்ல மாட்டாங்க, அங்கம்னு சொல்வாங்க, உடம்புக்கு அங்கம் இருக்கற மாதிரி. உங்ககிட்ட இருக்கறது அதுலேர்ந்தும், பத்தாவது குரு கோவிந்த் சிங் பேர்ல இருக்கற தசம் கிரந்த்லேர்ந்தும் தினமும் சொல்ல வேண்டிய பாட்டுகள எடுத்து தொகுத்தது. இந்த தினப்படி சொல்றதுக்கு நித்நேம்னு பேரு. காலையில விடியறதுக்கு முன்னாடி ஜப்ஜி சாஹிப், ஜாப் சாஹிப், பத்து ஸவையே, சாயங்காலம் ரெஹ்ராஸ், படுக்கறதுக்கு முன்னாடி சோஹிலா. 1945ல முடிவான சீக்கிய நடைமுறை விதிகள் இருக்கு, ரெஹத் மர்யாதான்னு சொல்வாங்க, அதுல இதான் கணக்கு. நிறைய பேர் காலையில சௌபாயும் ஆனந்த் சாஹிப்பும் சேர்த்து சொல்வாங்க. உங்க புக்கு தடியா இருந்தா சுக்மனி சாஹிப்பும் அதுல இருக்கும், அஞ்சாவது குரு அர்ஜன் எழுதினது, 24 பகுதி, ஒவ்வொண்ணுலயும் 8 பாட்டு, நிதானமா படிச்சா ஒரு மணி நேரத்துக்கு மேலயே ஆகும்.

ஃபோட்டோவுல பக்கத்து மேல ஒரு குறி இருக்கு பாருங்க, நம்ம 9 மாதிரி ஒண்ணு, அதுக்கு பக்கத்துல ஒரு வளைஞ்ச எழுத்து, அதோட தலையிலேர்ந்து ஒரு கோடு வலது பக்கமா நீண்டு போகும். அந்த 9 உண்மையில 1. இக் ஓங்கார். ஒருவன்ங்கறத எழுத்துல எழுதாம நம்பராவே போட்டுட்டார் முதல் குரு நானக், ரெண்டா மூணான்னு வியாக்யானம் பண்ண இடமே குடுக்கல. அதுக்கு அடுத்து வர்றது மூல மந்திரம், சத் நாம், கர்த்தா புரக், நிர்பௌ, நிர்வைர்னு போகும். பெயர் உண்மை, ஆக்குபவன், பயமில்லாதவன், பகையில்லாதவன். பயமில்லாதவன்னு சாமிய சொல்லி கேட்டிருக்கோம், பகையில்லாதவன்னு சொல்றது எனக்கு இன்னிக்கும் புதுசாத்தான் இருக்கு.

சரி, எங்க வைக்கறதுன்னு கேட்டீங்க. இதுக்கு நான் பண்ண ஒரு கூத்த சொல்லணும்.

தொண்ணூறுகளோட ஆரம்பத்துல நான் டெல்லி திலக் நகர்ல ஒரு வீட்டு மொட்டை மாடி ரூம்ல குடியிருந்தேன். கீழ வீட்டுக்காரம்மா, எல்லாருக்கும் அவங்க பீஜி, 47ல ராவல்பிண்டி பக்கத்துலேர்ந்து சின்ன பொண்ணா வந்தவங்க. காலையில நாலரைக்கு கீழ சமையக்கட்டுல லைட் எரியும், மாவு பிசையற சத்தமும் ஜப்ஜி சொல்ற சத்தமும் ஒண்ணா வரும். ஜப்ஜி 38 பத்தி, முழுசும் மனப்பாடம், புத்தகமே வேண்டாம், மாவு பதம் வரவும் பாட்டு முடியவும் சரியா இருக்கும். ஆனா சாயங்காலம் சுக்மனிக்கு மட்டும் குட்காவ எடுப்பாங்க, முற்றத்துல கயித்து கட்டில்ல கால மடக்கி உக்காந்து, துப்பட்டாவ தலைக்கு இழுத்து விட்டுகிட்டு, பெரிய எழுத்து குட்கா ஒண்ணு.

அந்த குட்காவ ஒரு நாள் கிட்டக்க பாத்தேன். முதல் நாப்பது அம்பது பக்கம் புதுசு மாதிரி மொடமொடன்னு இருக்கு. சுக்மனி ஆரம்பிக்கற இடத்துலேர்ந்து தாள் எல்லாம் உப்பி, ஓரம் பழுப்பேறி, வலது கீழ் மூலையில விரல் பட்டு பட்டு எண்ணெய் ஊறி கண்ணாடி மாதிரி ஆயிருக்கு. எது மனசுல ஏறிடுச்சோ அந்த பக்கம் புதுசாவே இருக்கு, எது ஏறலையோ அது தேஞ்சிருக்கு. ஒரு ஆளோட நாப்பது வருஷத்த தாள்ல பாத்த மாதிரி இருந்துச்சு.

கூத்து இதுதான். ஒரு நாள் அவங்க படிச்சிட்டிருக்கும்போது வாசல்ல யாரோ கூப்பிட்டாங்க, குட்காவ துணியில மடிச்சு பக்கத்துல இருந்த முக்காலி மேல வச்சுட்டு எழுந்து போனாங்க. நான் டீ கிளாஸோட வந்தவன், முக்காலி காலியா இல்ல, துணி மேலயே கிளாஸ வச்சுட்டேன், சூடா, அடியில சொட்டு சொட்டா டீ. திரும்பி வந்தவங்க ஒரு வார்த்த பேசல. கிளாஸ எடுத்து என் கையில குடுத்தாங்க, துப்பட்டா நுனியால அந்த ஈரத்த ஒத்தி எடுத்தாங்க, குட்காவ நெத்தியில வச்சுகிட்டாங்க, அப்புறம்தான் என்னை பாத்து "கோயி நஹீ, புத்தர்"னாங்க. புத்தர்னா நம்ம புத்தர் இல்ல, மகனேன்னு அர்த்தம், பரவாயில்ல மகனே. மறுநாள் பாத்தா முற்றத்து செவுத்துல என் தலைக்கு மேல ஒரு பலகை அடிச்சிருக்கு, குட்கா அங்க ஏறிடுச்சு. என்னை திட்டறதுக்கு பதிலா பலகை அடிச்சிருக்காங்க, அவ்ளோதான்.

அதனால உங்க கேள்விக்கு பதில் அந்த பலகைதான். உயரமா, சுத்தமா, துணியோட, மேல எதையும் வைக்காம. தரையில வேண்டாம், காலடியில வேண்டாம், பேன்ட் பின் பாக்கெட்ல வேண்டவே வேண்டாம். எடுக்கறதுக்கு முன்னாடி கைய கழுவிக்கோங்க, தலையில ஒரு கர்ச்சீஃப் கட்டிக்கோங்க. சிகரெட் கையோட தொடாதீங்க, சட்டைப் பாக்கெட்ல பாக்கெட்டு இருந்தா வெளிய வச்சுட்டு வாங்க. நான்வெஜ் பத்தி ரொம்ப யோசிக்காதீங்க, சீக்கியர்களே அதுல ஒரு கருத்து இல்லாம பல வருஷமா சண்ட போட்டுட்டிருக்காங்க. சீக்கியர் இல்லாதவர் தொடக்கூடாதுன்னு ஒண்ணும் கிடையாது, அந்தம்மா தெரிஞ்சுதான குடுத்தாங்க. முருகர் பக்கத்துல வைக்கறதுக்கு முருகருக்கு ஆட்சேபம் இருக்காது, ஆனா ஆன்ட்டி வந்து பாத்தா கொஞ்சம் சங்கடப்படலாம், ஏன்னு கீழ சொல்றேன். தனியா ஒரு தட்டு போட்டுடுங்க.

இப்ப அந்த பெரிய கேள்வி, சிலை இல்லன்னு சொல்லிட்டு புத்தகத்த தூங்க வைக்கறாங்களேன்னு. நானும் இத பீஜிகிட்ட கேக்காம மனசுக்குள்ளயே ரொம்ப நாள் வச்சிருந்தவன்தான், அதனால உங்கள குறை சொல்ல மாட்டேன்.

ராத்திரி புத்தகத்த படுக்க வைக்கற சுகாசன் பாத்திருக்கீங்களா? பாக்கலன்னா அடுத்த தடவ போகும்போது பாருங்க. சோஹிலா சொல்லி முடிச்சு அர்தாஸ்ங்கற பிரார்த்தனை ஆனதும் கிரந்தி, அதாவது கிரந்தத்த படிக்கறவர், அந்த பெரிய புத்தகத்த மெதுவா மூடுவார், வெள்ளைத் துணி, அதுக்கு மேல ருமாலா பட்டு, ஓரங்கள உள்ள மடிக்கற விதமே ஒரு குழந்தைய போர்த்தற மாதிரி இருக்கும். அப்புறம் தலையில ஒரு சின்ன துணி வச்சு அது மேல புத்தகத்த தூக்கி வச்சுகிட்டு நடப்பார், பின்னாடி ஒருத்தர் சௌர்ங்கற சாமரம் வீசிகிட்டே வருவார், முன்னாடி ஒருத்தர் தண்ணி தெளிச்சுகிட்டே போவார், கூடத்துல இருக்கறவங்க எல்லாம் எழுந்து நிப்பாங்க. தலையில சுமக்கறதுங்கறது எந்த சூழ்நிலையிலயும் மாறாது. 2021 ஆகஸ்ட்ல காபூல் தாலிபான் கைக்கு போனப்ப அங்க இருந்து தப்பிச்சு வந்தவங்க மூணு கிரந்த் சாஹிப்ப கொண்டு வந்தாங்க, டெல்லி ஏர்போர்ட்லயும் தலை மேலதான் வந்துச்சு.

பாக்க நம்ம பள்ளியறை சேவை மாதிரியேதான் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அதே ரெஹத் மர்யாதாவுல என்ன எழுதியிருக்குன்னா, கிரந்த் சாஹிப் முன்னாடி விளக்கு ஏத்தி மணி அடிச்சு ஆரத்தி காட்டக்கூடாது, கிரந்தத்த பாடமா படிக்கும்போது பக்கத்துல கும்பம், நெய் விளக்கு, தேங்காய் வைக்கக்கூடாது. தேங்காய்ங்கற வார்த்தைய தேடி எடுத்து தடை பண்ணியிருக்காங்க தம்பி! அப்ப யாரோ வச்சுட்டிருந்திருக்காங்கன்னுதான அர்த்தம். முருகர் தட்டுல வேண்டாம்னு சொன்னதுக்கு காரணம் இதுதான், அங்க தேங்காயும் சூடமும் வந்துடும்.

அவங்க பக்கத்துலேர்ந்து பாத்தா இது புத்தகத்துக்கு செய்யற மரியாதை இல்ல, ஆளுக்கு செய்யற மரியாதை. 1708ல நாந்தேட்ல கோவிந்த் சிங் உயிர் போறதுக்கு முன்னாடி இனிமே மனுஷ குரு கிடையாது, கிரந்தம்தான் குருன்னு சொல்லிட்டு போனார். அந்த காலத்துல ஒரு ராஜாவுக்கோ குருவுக்கோ என்ன மரியாதையோ, மேல விதானம், கீழ மெத்தை, பக்கத்துல சாமரம், அது அப்படியே புத்தகத்துக்கு வந்துடுச்சு. நம்ம ஊர்ல சாமி பேர்ல நிலம் இருக்கும்ல, சட்டப்படி சாமி ஒரு ஆள், மைனர் மாதிரி, கேஸ் கூட போடலாம். அதே மாதிரி பட்டியாலா பக்கம் ஒரு கிராமத்துல கிரந்த் சாஹிப் பேர்ல இருந்த நிலத்த பத்தி ஒரு வழக்கு வந்து, 2000ல சுப்ரீம் கோர்ட் கிரந்த் சாஹிப்பும் சட்டப்படி ஒரு ஆள்தான்னு தீர்ப்பு சொல்லுச்சு. ஆனா சிலையோட சேர்த்து குழப்பிக்காதீங்கன்னும் சொல்லுச்சு, குருத்வாராவுல ஸ்தாபிச்சாதான் அந்த அந்தஸ்துன்னும் சொல்லுச்சு. உங்க குட்காவுக்கு அந்த அந்தஸ்து இல்ல, அது பேர்ல நிலம் எழுதி வைக்க முடியாது, கவலப்படாதீங்க.

குருன்னா என்ன வேலை? பேசணும், நாம கேக்கணும். அங்கதான் எனக்கு வித்தியாசம் பிடிபட்டுச்சு. தினமும் காலையில கிரந்தத்த திறக்கும்போது ஏதோ ஒரு இடத்துல திறந்து, இடது பக்கத்து மேல வர்ற பாட்ட படிப்பாங்க, அதான் அன்னிக்கு ஹுகம், ஆணை. பொற்கோயில் ஹுகம் காலையிலயே உலகம் பூரா ஃபோனுக்கு வந்துடுது. குழந்தைக்கு பேர் வைக்கணும்னாலும் திறந்து வர்ற பாட்டோட முதல் எழுத்த எடுத்துதான் வைப்பாங்க. ரெண்டு நாள், 48 மணி நேரம், நிறுத்தாம ஆள் மாத்தி ஆள் படிக்கற அகண்ட பாடமும் அதுக்குத்தான். கண்ணால பாத்துட்டு கன்னத்துல போட்டுக்கற தரிசனமா இருந்தா மூடி வச்சே கும்பிட்டிருக்கலாமே, திறக்கணும்ங்கற அவசியமே இல்லயே.

குரு அர்ஜனோட ஒரு வரி இருக்கு, "போத்தி பரமேசர் கா தான்". போத்தின்னா நம்ம பொத்தகம், பொஸ்தகம்னு சொல்றோமே அந்த குடும்பத்து வார்த்தை. புத்தகம் பரமேஸ்வரன் இருக்கற இடம்னு அர்த்தம். பரமேஸ்வரனேன்னு சொல்லல கவனிங்க, இருக்கற இடம்னுதான் சொன்னார்.

அந்த போத்தி கதையும் நல்லா இருக்கும், சொல்லிடறேன். மூணாவது குரு அமர்தாஸ் காலத்துல பாட்டுகள எழுதி வச்ச ஏடுகள் கோயிந்த்வால்ல அவர் மகன் மோகன்கிட்ட இருந்துச்சு. அர்ஜன் தொகுக்க ஆரம்பிச்சப்ப ஆள் அனுப்பி கேட்டார், மோகன் கதவையே திறக்கல. அப்புறம் அர்ஜனே போனார், ஜன்னலுக்கு கீழ தெருவுல உக்காந்து தம்பூரா மாதிரி ஒரு வாத்தியத்த வச்சுகிட்டு "மோகன், உன் மாளிகை எவ்ளோ உசரம்"னு பாட ஆரம்பிச்சார்னு சொல்வாங்க. மேல இருக்கற மோகனையா மேலுலக மோகனையான்னு தெரியாத மாதிரி ஒரு பாட்டு. அவர் இறங்கி வந்து குடுத்துட்டார். ஏடுகள பல்லக்குல வச்சு அனுப்பிட்டு அர்ஜன் செருப்பில்லாம பக்கத்துல நடந்து வந்தாராம். இதெல்லாம் மரபுக் கதை, ஆனா அந்த ஏடுகள்ல ரெண்டு அந்த வம்சத்து குடும்பங்ககிட்ட இன்னிக்கும் இருக்கு. அப்புறம் அம்ரித்சர்ல ராம்சர் குளத்தங்கரையில அர்ஜன் சொல்ல சொல்ல பாயி குர்தாஸ் எழுதி, 1604ல ஹர்மந்திர்ல, அதான் பொற்கோயில்ல, வச்சாங்க, முதல் கிரந்தி பாபா புட்டா. அன்னிக்கு ராத்திரி புத்தகம் மெத்தை மேல, அர்ஜன் பக்கத்துல தரையில படுத்தார்னு சொல்வாங்க. தானே குரு, தன் பாட்டுதான் அதுல அதிகம், இருந்தும் தரையில.

அதே பாயி குர்தாஸ் நானக் மெக்கா போனத பாடும்போது கையில கோல், கக்கத்துல கிதாப்னு ஒரு வரி எழுதியிருக்கார். கக்கத்துல புத்தகம் இடுக்கிகிட்டு நடந்து போற ஒரு மனுஷன். குட்கா பை தோள்ல மாட்டிகிட்டு லூதியானா பஸ் ஸ்டாண்டுல நிக்கற பாட்டிகள பாத்தா எனக்கு அந்த வரிதான் ஞாபகம் வரும்.

அதுக்குள்ள யார் பாட்டெல்லாம் இருக்குன்னு தெரிஞ்சா இன்னும் ஆச்சரியப்படுவீங்க. ஆறு குருமார் பாட்டு, எல்லாரும் கடைசி வரியில நானக்னுதான் கையெழுத்து போடுவாங்க, யார் எழுதினதுன்னு தெரிய மேல மஹலா 1, மஹலா 5னு நம்பர் இருக்கும். அதோட 15 பகத்துகள், பக்திப் பாட்டு பாடினவங்க. நெசவாளி கபீர், செருப்பு தைக்கற ரவிதாஸ், மராட்டிய தையக்காரர் நாம்தேவ், நாவிதர் ஸைன், பாக்பட்டன் சூஃபி ஷேக் ஃபரீத். எழுத்து அப்படியே குர்முகி, மொழி மட்டும் பத்து ஊர் வாசனை. ராமானந்தரும் இருக்கார், நம்ம ராமானுஜர் பரம்பரையில வந்தவர்னு சொல்ற அதே ராமானந்தர்தான். அவர் பாட்டு ஒண்ணே ஒண்ணு. சந்தனம் அரைச்சுகிட்டு கோயிலுக்கு கிளம்பினேன், குரு அந்த பிரம்மத்த மனசுக்குள்ளயே காட்டிட்டார், இனி எங்க போகன்னு பாடறார். தெக்க கிளம்பின சந்தனக் கிண்ணம் அம்ரித்சர்ல போய் நின்ன மாதிரி.

இன்னொன்னு, தொகுப்பு வரிசை ஆளுக்கு ஆள் இல்ல, பொருளுக்கு பொருளும் இல்ல, ராகத்துக்கு ராகம். 31 ராகம். தேவாரத்த பண்முறையில வச்சிருக்கோம்ல, அதே புத்தி. பாடறதுக்குன்னு கட்டின புத்தகம். ஜப்ஜி எந்த ராகத்துலயும் சேராம தனியா முன்னாடி நிக்குது.

புகழ்ந்துகிட்டே போறேன்னு நினைக்காதீங்க, எனக்கு குறையும் உண்டு. கிரந்த் சாஹிப் ரூமுக்கு ஏசி, ருமாலா மேல ருமாலா வாங்கி குவிக்கறது, காசு குடுத்து ஆள் வச்சு அகண்ட பாடம் படிக்க சொல்லிட்டு வீட்டுக்காரங்க வேற ரூம்ல டிவி பாக்கறதுன்னு எல்லாம் இருக்கு, இத நான் சொல்லல, சீக்கியர்களே நொந்துகிட்டு சொல்றதுதான். கேக்கற ஆள் இல்லாம படிக்கற பாடம் என்ன பாடம்? அங்க உங்க கேள்வி நியாயமான கேள்வியாயிடுது. சிலையா இல்லையாங்கறது துணியில இல்ல, யாராவது காது குடுக்கறாங்களாங்கறதுல இருக்குன்னு நான் நினைக்கறேன்.

ஒரு எச்சரிக்கை. தாள் கிழிஞ்சா சாதாரண விஷயமா எடுத்துக்காதீங்க. 2015ல ஒரு கிராமத்து குருத்வாராவுலேர்ந்து கிரந்த் சாஹிப் திருடு போய், அக்டோபர்ல பர்காடியில கிழிச்ச தாள்கள் தெருவுல கிடந்துச்சு. பஞ்சாபே கொந்தளிச்சு, பெஹ்பல் கலான்ல போலீஸ் சுட்டதுல ரெண்டு பேர் செத்தாங்க. அதனால குட்கா பழசாயிடுச்சுன்னா பழைய பேப்பர்காரருக்கு போடாதீங்க, பக்கத்து குருத்வாராவுல குடுத்துடுங்க, சென்னைன்னா டி.நகர் ஜி.என்.செட்டி ரோட்ல இருக்கு. பழசான பிரதிகள கோயிந்த்வால்ல, மனுஷனுக்கு செய்யற மாதிரியே, நெருப்புக்கு குடுத்து தகனம் பண்றாங்க. அதான், ஆள்.

படிக்க தெரியாதுன்னு எழுதியிருந்தீங்க, அதுக்கெல்லாம் பயப்படாதீங்க. 35 எழுத்து, பைந்தீன்னே பேரு, முப்பத்தஞ்சுன்னு அர்த்தம். முதல் அஞ்ச தாண்டிட்டா க வரிசை, ச வரிசை, ட வரிசைன்னு நம்ம வீட்டு சொந்தக்காரங்கதான், வரிசை கடைசியில வர்ற ங, ஞ ரெண்டும் நம்ம ஊர் ங மாதிரியே வேலையில்லாம உக்காந்திருக்கும். நான் பீஜிகிட்ட முட்டி மோதி ரெண்டு மாசத்துல எழுத்துக்கூட்டினேன், நூல் கணக்கு எழுதற உங்களுக்கு ஒரு மாசம் போதும். அதுவரைக்கும் ஃபோன்ல யாராவது சொல்றத போட்டு விட்டு புத்தகத்துல விரல் வச்சுட்டு போங்க, குட்காவுல வார்த்தை பிரிச்சுதான் அச்சடிச்சிருப்பாங்க. பழைய ஏடுகள்ல இடைவெளியே விடாம ஒரு வரி முழுக்க ஒரே சரமா எழுதியிருக்கும், லடீவார்னு சொல்வாங்க, அது கையில கிடைச்சிருந்தா நீங்க அழுதிருப்பீங்க.

இப்ப அந்த ஃபோட்டோ. நான் இத கடைசிக்கு வச்சதுக்கு காரணம் படிக்க எனக்கே அரை மணி நேரம் ஆச்சு, ஆன்ட்டி கையெழுத்து டாக்டர் கையெழுத்து. பெரிய ஆசீர்வாதம் எதுவும் எழுதல. முதல் வரி, "மகனே, எல்லாம் முடியாதுன்னு தெரியும்." ரெண்டாவது வரி, "ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி இது மட்டும், பக்கம் 142."

142ல இருக்கறது சோஹிலாவாத்தான் இருக்கணும், இருக்கறதுலயே சின்னது, அஞ்சே பாட்டு. அதுல மூணாவத மட்டும் சொல்றேன், நானக் பாடினது, பூரி ஜகன்னாதர் கோயில்ல எல்லாரும் ஆரத்தி தட்டோட நின்னப்ப வெளிய வந்து பாடினார்னு சொல்வாங்க. வானம் தட்டு, சூரியனும் சந்திரனும் விளக்கு, நட்சத்திரக் கூட்டம் முத்து, சந்தனக் காட்டுக் காத்து தூபம், காடெல்லாம் பூ, இது என்ன ஆரத்தின்னு கேக்கறார். தீபாராதனைக்கு மொட்டை மாடி போதும். புத்தகத்த எடுத்துகிட்டு மாடிக்கு போங்க, சிகரெட்ட கீழயே வச்சுட்டு, அம்மாவையும் கூட கூட்டிட்டு போங்க.

அன்புடன்.